பதினோராவது சொட்டு

ஊரில் தண்ணீர் சோதிக்க ஐந்து பெண்கள் வேண்டும் என்று நெய்விளக்குடி ஊராட்சி அலுவலகத்தில் கேட்டபோது வானதி கையைத் தூக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தர்மாம்பாள்தான் அவள் முழங்கையைப் பிடித்து உயர்த்திவிட்டாள்.

"ப்ளஸ் டூ சயின்ஸ் குரூப்பு சார், இவ. எழுதிக்குங்க. துணைக்கு என் பேரையும் போட்டுக்குங்க."

அந்த ப்ளஸ் டூவில் வேதியியலில்தான் கோட்டை விட்டோம் என்பதை வானதி அங்கே சொல்லிக்கொள்ளவில்லை. நாகப்பட்டினத்தில் இரண்டு நாள் பயிற்சி. திரும்பி வரும்போது ஆளுக்கொரு நீலப் பெட்டி கொடுத்தார்கள். உள்ளே சின்னச் சின்ன பாட்டில்கள், சொட்டு மருந்துகள், நிற அட்டைகள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் பார்த்துப் பயந்ததெல்லாம் கைக்குள் வந்தபோது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. தண்ணீரில் மருந்து விழுந்து நிறம் மாறுகிற அந்த ஒரு நொடிக்காகவே அவள் காலையில் சமையலைச் சீக்கிரம் முடித்தாள்.

ஆடி முடிவதற்குள் ஊரில் எட்டு இடம் பார்த்தாயிற்று. ஒன்பதாவது, குளத்துமேட்டுத் தெரு அடிபம்பு.

"அதை விட்டுடுடி," என்றாள் தர்மாம்பாள். "உன் சின்ன மாமனார் கம்பைத் தூக்கிட்டு வருவாரு."

அவள் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. வானதியின் மாமனாருக்குத் தம்பி இராஜாங்கம். சிங்கப்பூரில் பதினெட்டு வருஷம் கிரேன் ஓட்டிவிட்டு ஊருக்கு வந்தவர். வந்ததும் முதல் வேலையாகத் தன் தெருவுக்காகத் தன் செலவில் போர்வெல் இறக்கி அடிபம்பு நாட்டினார். அன்றைக்குத் தெரு முழுக்கச் சர்க்கரைப் பொங்கல். ஒரு மாதத்துக்குள் தண்ணீர் கரிக்கிறது என்று பேச்சு கிளம்பியது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். பம்புக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, 'குடிக்க உதவாது' என்று எழுதிவிட்டுப் போனார்கள். அது நடந்து பன்னிரண்டு வருஷம். தெருப் பெண்கள் பழையபடி மெயின் ரோட்டுக்குக் குடம் தூக்கினார்கள். டீக்கடையில் யாரோ அவரை 'உப்பு முதலாளி' என்றார்கள். அதிலிருந்து அவர் டீக்கடைப் பக்கம் போவதில்லை. பம்பின் கைப்பிடியைக் கன்றுக்குட்டி கட்டுகிற இடமாக்கிவிட்டார்.

பெட்டியோடு இருவரும் போய் நின்றதும் இராஜாங்கம் வாசலுக்கு வந்தார்.

"நீயும் கேலி பண்ண வந்துட்டியா வானதி?"

"இல்ல மாமா. லிஸ்ட்ல ஒம்பதாவதா இருக்கு. பாக்காம விட்டா நான் பொய் எழுதணும்."

"பாத்து என்னத்த எழுதப் போற? அதான் மேலயே எழுதியிருக்கே. அதையே காப்பி அடிச்சுக்க."

"அது அன்னைக்கு இருந்த தண்ணிக்கு மாமா. இன்னைக்குத் தண்ணிக்கு நான்தானே எழுதணும்?"

அவர் கன்றை அவிழ்த்து வேறு பக்கம் கட்டினார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தர்மாம்பாள் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினாள். கிரீச்சென்ற சத்தம் வந்ததே தவிரத் தண்ணீர் வரவில்லை. இரண்டு நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டிருந்த இராஜாங்கத்தால் மூன்றாவது நிமிஷம் பொறுக்க முடியவில்லை.

"அப்படி அடிச்சா வாஷர் கிழிஞ்சு போயிடும். நகரு, நகரு."

ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து மேலே ஊற்றி, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நிதானமாக அடித்தார். முதலில் துருவாகச் சிவந்து கொட்டியது. பிறகு கலங்கல். பிறகு கண்ணாடி மாதிரித் தெளிந்து விழுந்தது.

"இன்னும் அஞ்சு நிமிஷம் அடிங்க மாமா. குழாய்க்குள்ள இத்தனை நாள் நின்ன தண்ணி பூராவும் வெளிய போகணும்."

"எனக்கே வேலை வைக்கிறியா?" என்றார். ஆனால் அடித்தார். பத்து நிமிஷம் அடித்தார்.

வானதி சிமென்ட் மேடையில் உட்கார்ந்து, பாட்டிலில் கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்து மஞ்சள் மருந்தைக் கலந்தாள். இனி அடுத்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். மஞ்சள் மாறிச் செங்கல் நிறம் வரும்போது நிறுத்தி, சொட்டுகளை எண்ணினால் உப்பின் அளவு தெரியும். ஒரு சொட்டு என்றால் லிட்டருக்கு இருபது மில்லிகிராம். பழைய குறிப்பில் இந்தப் பம்புக்கு ஆயிரத்து நானூறு என்று இருந்ததால், எழுபது சொட்டு எண்ணுவதற்குத் தயாராகத் தர்மாம்பாள் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒன்னு... ரெண்டு... மூணு..."

இராஜாங்கம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஒம்போது... பத்து... பதினொன்னு... ஏ, என்னடி இது!"

பாட்டில் செங்கல் நிறமாகிவிட்டிருந்தது.

வானதிக்கு முதலில் தோன்றியது ப்ளஸ் டூ மார்க்தான். எங்கேயோ தப்புச் செய்துவிட்டோம். கழுவிவிட்டு மறுபடி செய்தாள். பதினொன்று. மூன்றாம் முறை, தர்மாம்பாளை நம்பாமல் தானே எண்ணினாள். பன்னிரண்டு. மருந்து கெட்டுப்போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தது. மெயின் ரோட்டுப் பம்புத் தண்ணீர் கொஞ்சம் ஒரு பாட்டிலில் இருந்தது. அதற்கு நேற்று முப்பது சொட்டு விட்டிருந்தாள். இன்றைக்கும் முப்பதுதான் வந்தது. ஆக, மருந்து சரியாகத்தான் இருக்கிறது.

"மாமா," என்றாள். பாட்டிலை அவர் பக்கம் நீட்டினாள். "உப்பு இருநூத்தி இருபதுதான் காட்டுது. நாம எல்லாரும் குடிக்கிறோமே, மெயின் ரோட்டுத் தண்ணி, அதுலயே அறுநூறு இருக்கு."

இராஜாங்கம் அவளைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். பிறகு சட்டென்று குனிந்து குழாய் வாயில் இரண்டு கையையும் ஏந்தினார்.

"குடிக்காதீங்க!"

வானதி போட்ட அதட்டலில் கன்றுக்குட்டியே மிரண்டு துள்ளியது. சின்ன மாமனாரிடம் அவள் அப்படிக் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"உப்பு இல்லங்கிறதால கிருமி இல்லன்னு ஆகிடாது மாமா. கன்னுக்குட்டி வேற இங்கயே கட்டிக் கிடந்துருக்கு. கிருமி பாக்குறதுக்குன்னே மருந்து போட்ட பாட்டில் இது, இதுல பிடிச்சு ரெண்டு நாள் வெக்கணும். கறுத்துச்சுன்னா குடிக்கக் கூடாது. லேபுக்கும் ஒரு பாட்டில் அனுப்புறேன்."

அவர் கையை உதறிக்கொண்டார். கோபப்படுவார் என்று பார்த்தால், பள்ளிக்கூடப் பையன் மாதிரி "ரெண்டு நாளா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த இரண்டு நாளும் வானதி வீட்டு வாசல் ஓயவில்லை. பாட்டிலை அவள் அரிசி டிரம் மேல் வைத்திருந்தாள். பால் வாங்கப் போகிற சாக்கில் இராஜாங்கம் வந்தார். நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிற வழியில் வந்தார். சாயங்காலம் எந்தச் சாக்கும் இல்லாமல் வந்தார்.

"கறுத்துச்சா?"

"இல்ல மாமா."

"லேசாக்கூட?"

"நீங்களே பாருங்க."

மூன்றாம் நாள் காலை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கறுக்கவில்லை. பாட்டிலைத் திரும்ப டிரம் மேல் வைத்துவிட்டுப் போனவர், மத்தியானம் பம்பைச் சுற்றியிருந்த சாணியை எல்லாம் வாரிக் கொட்டிக்கொண்டிருந்ததாகத் தர்மாம்பாள் வந்து சொன்னாள்.

லேபிலிருந்து எஸ்எம்எஸ் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு ஜீப் வந்தது. நாகப்பட்டினம் லேபில் வேலை பார்க்கும் ப்ரியம்வதா அதிலிருந்து இறங்கினாள். பயிற்சி கொடுத்ததும் அவள்தான்.

"உங்க சாம்பிள்ல இருநூத்தி முப்பது வந்துச்சு. பழைய ரெக்கார்டுல ஆயிரத்து நானூறு. பாட்டிலை மாத்தி அனுப்பிட்டீங்களோன்னு நேர்ல பாக்க வந்தேன்."

ப்ரியம்வதா தானே பம்படிக்கச் சொல்லி, தானே பிடித்து, தன் கருவியில் வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்க எழுதுனது சரிங்க. அச்சு அசல் சரி. லேப்ல கிருமியும் இல்லன்னு வந்துருச்சு."

பிறகு பம்புக்குப் பின்னால் நடந்து குளத்துக் கரையில் ஏறினாள். குளம் நிரம்பிக் கிடந்தது. மேட்டூர் திறந்து, வாய்க்காலில் வந்த புதுத்தண்ணீர்.

"இந்தக் குளம் எப்ப தூர் வாரினது?"

"ஆறு வருஷம் ஆச்சு மேடம்," என்றாள் தர்மாம்பாள். "நூறு நாள் வேலைல நாங்கதான் வெட்டுனோம். தூந்து போன வாய்க்காலையும் நாங்கதான் எடுத்துவிட்டோம்."

"அப்ப தண்ணியை மாத்துனதும் நீங்கதான். ஆறு வருஷமா நல்ல தண்ணி இங்க நின்னு கீழ இறங்கியிருக்கு. அது உப்பைத் தள்ளிட்டு வந்திருக்கு. ஆனா இதோட விட்டுடாதீங்க. கோடையில குளம் வத்துனதும், மே மாசம் மறுபடி பாருங்க. அப்புறமும் பாத்துக்கிட்டே இருங்க."

தர்மாம்பாள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "மரத்தடியில உக்காந்து கதை பேசிட்டு சம்பளம் வாங்குறாளுவோன்னு சொன்னானுவோளே, எங்கடி அவனுவோ? வரச் சொல்லு!" என்று கத்தினாள். தெருவே சிரித்தது. அன்றைக்கு மண் சுமந்த பெண்களில் பாதிப்பேர் அந்தக் கூட்டத்திலேயே நின்றிருந்தார்கள். ஒருத்தி, நான்தான் இந்த மூலையில் வெட்டினேன் என்று கையைக் காட்டினாள். இன்னொருத்தி, இல்லை, அது நான் என்று சண்டைக்கு வந்தாள்.

மறுநாள் சிவப்பைச் சுரண்டிவிட்டு நீலப் பெயின்ட் அடித்தார்கள். சோதித்த தேதியையும், அடுத்து மே மாதம் சோதிக்க வேண்டும் என்பதையும் வானதி வெள்ளையில் எழுதினாள். முதல் டம்ளரை இராஜாங்கம் அவளிடம் நீட்டினார். "நீங்க குடிங்க மாமா" என்றாள். "அதட்டுனவ நீ. நீ குடிச்சாத்தான் எனக்கு நம்பிக்கை" என்றார். குடித்தாள். தண்ணீர் தண்ணீராக இருந்தது. அதில் இவ்வளவு ருசி இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

ஆவணி நடுவில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குப் பாதயாத்திரைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். காவி உடுத்தி, காலில் துணி சுற்றிக்கொண்டு, மெயின் ரோட்டில் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். இராஜாங்கம் காலையிலேயே ரோட்டு முனைக்குப் போய் நின்றுகொண்டு, "இப்படி வாங்க, நல்ல தண்ணி இருக்கு, சோதிச்ச தண்ணி!" என்று கூப்பிட்டு அழைத்து வந்தார். தெருப் பெண்கள் முறை வைத்து அடித்தார்கள். சிலர் நீர்மோர் கரைத்துக் கொண்டுவந்தார்கள்.

முகம் கழுவி, வயிறு நிறையக் குடித்த ஒரு நடுவயது அம்மாள், தன் பாட்டிலை நிரப்பிக்கொண்டே, "எங்க ஊர்லயும் இப்படி ஒரு பம்பு மூடிக் கெடக்கு. அதையும் யாராவது பாத்தா தேவலை" என்றாள்.

வானதி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நீலப் பெட்டியைத் திறந்து குறிப்பு நோட்டை எடுத்தாள்.

"இப்படி உக்காருங்க அக்கா. யாருகிட்ட கேக்கணும், என்ன கேக்கணும்னு சொல்றேன்," என்றாள். "முதல்ல உங்க ஊரு பேரைச் சொல்லுங்க."