பின்வாசலில் வந்து நின்ற மனை

வங்கி ஏலத்தில் விற்ற மனை, விற்ற மறுநாள் காலை அதன் இடத்தில் இல்லை. ஏலம் எடுத்த டைல்ஸ் கடைக்காரர் அளவு நாடாவோடு வந்து பார்த்தபோது, வடக்கு வீட்டுச் சுவரும் தெற்கு வீட்டுச் சுவரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. நடுவில் ஒரு தீக்குச்சி நுழைய இடமில்லை. தங்களுக்கு ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை என்று இரு வீட்டுக்காரர்களும் அளந்தே காட்டினார்கள். அதே காலையில், நாலு தெரு தள்ளி ஒரு வாடகை வீட்டில், தையல்காரி பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்டப் பின்கதவைத் திறந்தாள். வழக்கமாக அங்கே சாக்கடைச் சந்து இருக்கும். அன்று அவளுடைய மனை, கொய்யா மரத்தோடு, வெயிலில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. தண்ணீரை எங்கே கொட்டுவது என்றுதான் அவள் முதலில் யோசித்தாள். பிறகு மரத்தடியில் ஊற்றினாள்.

மனை அவள் பெயரில் இருந்தது. பள்ளிச் சீருடை தைத்துத் தைத்தே வாங்கியது. கணவர் வெல்டிங் பட்டறைக்காரர். கம்பி வளைக்கும் மெஷின் வாங்க அதை அடமானம் வைத்தார்கள். கண்ணில் பொறி பட்டு அவர் படுத்திருந்த மாதங்களில் தவணை நின்றுபோனது. நின்றது நின்றதுதான், அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் விற்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமா இல்லையா? சொன்னோம் என்றது வங்கி. மனையின் கேட்டிலேயே நோட்டீஸ் ஒட்டி, சாட்சிக்குப் படமும் எடுத்து வைத்திருந்தது. வினை அங்கேதான் இருந்தது. பட்டறைக்காரருக்குத் தெரிந்தது ஒரே ஒரு கேட் டிசைன்: பாதிச் சூரியன், மேலே கதிர்கள். அந்த வட்டாரத்தில் முக்கால்வாசி வீடுகளுக்கு அவர் கைச்சூரியன்தான். வங்கி ஆள் தெருவுக்குள் நுழைந்ததும் ஒரு பாதிச் சூரியனைப் பார்த்தார், இதுதான் அந்த மனுஷன் இடம் என்று முடிவு கட்டினார், ஒட்டினார், போய்விட்டார். அந்த வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருந்தார்கள். ஊருக்கெல்லாம் கேட் செய்து கொடுத்தவர் தன் மனைக்கு ஒரு கம்பிகூட நட்டதில்லை. "நம்ம இடம்தானே, எங்க ஓடப் போகுது" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அந்தப் பேச்சை அவள் பிற்பாடு அவருக்கு அடிக்கடி நினைவூட்டினாள்.

மனையை அவள் கடத்திக்கொண்டு போய்விட்டதாக வங்கி போலீசில் புகார் கொடுத்தது. அவளுடைய வக்கீலம்மா, குரல் கரகரத்த, யாருக்கும் அசராத ஒரு பெண், ஸ்டேஷனுக்கே வந்து பேசினாள். திருட்டு என்றால் பொருள் அசைய வேண்டும். மனை அசையும் என்று வங்கி ஒத்துக்கொண்டால், அசையாச் சொத்து என்று சொல்லி அதை எப்படி ஏலம் விட்டது? அசையாது என்றால், இவள் எப்படிக் கொண்டுபோனாள்? இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்துவிட்டு எல்லோருக்கும் டீ சொன்னார். வாடகைக்கு விட்ட வீட்டுச் சொந்தக்காரருக்கு அந்தச் சட்டமெல்லாம் எடுபடவில்லை. பின்னால் ஒரு மனை சேர்ந்திருப்பதால் வாடகையைக் கூட்டிக் கேட்டார். அவர்கள் வீடு மாறினார்கள். மறுநாள் காலை புது வீட்டின் பின்கதவுக்கு வெளியே மனை வந்து நின்றது. அப்படியே நாலைந்து வீடுகள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டது யார் என்று சொல்ல முடியாதபடி அவளும் மனையும் அலைந்தார்கள்.

அலைச்சலைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். மனை தேய்ந்துகொண்டிருந்தது, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. விற்பனையை ரத்து செய்யக் கேட்டு அவள் போட்ட வழக்கில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஓரத்திலிருந்து ஒரு சாண் உதிர்ந்தது. வங்கி வக்கீலுக்குக் காய்ச்சல் என்றால் ஒரு சாண். வழக்குக் கட்டு வேறு கட்டடத்தில் மாட்டிக்கொண்டது என்றால் ஒரு சாண். கடன் வழக்குகளுக்கான முதல் மன்றத்தில் நீதிபதி மாறி, புதியவர் ஆதியிலிருந்து சொல்லச் சொன்ன அன்று ஒரு மூலையே போயிற்று. கடைசியில் அந்தப் புதியவர், நோட்டீஸ் ஒட்டிய தேதியிலிருந்து கணக்குப் பார்த்தால் நீங்கள் தாமதமாக வந்திருக்கிறீர்கள் என்று மனுவைத் தள்ளினார். எந்த கேட்டில் ஒட்டியது என்று அவர் கேட்கவே இல்லை. அதற்குப் பிறகு தையல்காரிக்கு எங்கும் இருப்புக் கொள்ளவில்லை. சோற்றில் கை வைத்தபடி எழுந்துபோய்ப் பின்கதவைத் திறந்து பார்ப்பாள். நீதிமன்ற பெஞ்சில் உட்கார்ந்தால் வலது கால் தானாகத் தையல் மெஷினை மிதிக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் பெஞ்சோடு ஆடுவார்கள். மூன்று அறை கட்ட ஆசைப்பட்ட இடம் ஒன்றரை அறைக்குச் சுருங்கியது. கொய்யா மரம் விளிம்புக்கு வந்துவிட்டது, ஒரு பக்க வேர் காற்றில் தொங்கியது. இன்னும் ஒரு வாய்தா என்றால் மரம் போய்விடும் என்று அவள் அழுதாள்.

"அழாதீங்கம்மா, மேல கோர்ட் இருக்கு" என்றாள் வக்கீலம்மா.

"கோர்ட் இருக்கும்மா. போறதுக்குள்ள மண்ணு இருக்கணுமே" என்றாள் தையல்காரி.

உயர் நீதிமன்றத்தில் வக்கீலம்மா வாய்தா வாங்கவும் இல்லை, வாங்க விடவும் இல்லை. நீதிபதி நோட்டீஸ் ஒட்டிய படத்தைக் கையில் வாங்கி மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். இது உங்கள் கேட்டா என்று தையல்காரியிடம் கேட்டார்.

"எங்க மனைக்கு கேட்டே கிடையாதுங்கய்யா" என்றாள் அவள். இத்தனை வருடமும் மனுவில் எழுதியிருந்ததுதான். வாய்விட்டுக் கேட்க ஓர் ஆள் இப்போதுதான் கிடைத்தார்.

நீதிபதி படத்தை விடவில்லை. "இதே மாதிரி கேட் என் வீட்டுலயும் இருக்கே" என்றார்.

"அதுவும் நான் செஞ்சதுதாங்கய்யா" என்று பின்னாலிருந்து பட்டறைக்காரர் எழுந்தார். "கீல் சத்தம் போட்டா சொல்லி அனுப்புங்க, வந்து பாக்குறேன்."

விற்பனை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. டைல்ஸ் கடைக்காரர் பணத்தை வங்கி திருப்பிக் கொடுக்க வேண்டும். மீதிக் கடனைத் தையல்காரி தவணையில் கட்டலாம். கட்டி முடித்ததும் பத்திரத்தை வங்கி ஒப்படைக்க வேண்டும். அன்று மாலை அவள் முன்னால் நடந்தாள். மனை மரத்தைச் சாய்க்காமல் மெதுவாகப் பின்னால் வந்தது. பஸ்கள் ஓரம் கட்டி நின்றன. ஓர் ஆட்டோக்காரர் மட்டும் ஹாரன் அடித்தார். பழைய தெருவில் இரண்டு சுவர்களும் விலகி, மனை இருக்கும் அளவுக்கு வழி விட்டன. பாதிதான் மிஞ்சியிருந்தது. போனது போனதுதான், அதை எந்தத் தீர்ப்பும் எழுதவில்லை. அதில் ஓர் அறையும் தையல் மெஷினுக்கு ஒரு மூலையும் கட்டினார்கள். டைல்ஸ் கடைக்காரர் மனஸ்தாபம் பார்க்காமல் தரைக்குக் கல் போட்டுக் கொடுத்தார். பட்டறைக்காரர் கடைசியில் கேட் செய்தார், அதே பாதிச் சூரியன்.

மழை விட்டும் தூவானம் விடவில்லை. அவள் எங்காவது இரண்டு நாள் தங்கப் போனால் மனைக்கு இருப்புக் கொள்ளாது. கேட்டை மட்டும் தெருவில் விட்டுவிட்டு, அறையும் மரமும் மெஷினுமாகக் கிளம்பிவிடும், சுவர்கள் ஒட்டிக்கொள்ளும். கொரியர்காரர்கள் முதற்கொண்டு எல்லோருக்கும் இது பழகிவிட்டது. கடன் தீர்ந்த மாதம் பத்திரத்தைக் கொண்டுவந்தவர், அன்று நோட்டீஸ் ஒட்டிய அதே வங்கி ஆள். கேட் நின்றது, பின்னால் வெறும் சுவர். அவர் வடக்கு வீட்டில் விசாரித்தார்.

"தையல் அக்கா அவங்க மக ஊருக்குப் போயிருக்காங்க. வீடும் கூடப் போயிருக்கு. திங்கக்கிழமை வந்துடும்" என்றார்கள்.

வங்கி ஆள் கையிலிருந்த உறையைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார். உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினார். திங்கட்கிழமை மறுபடி வந்து, கொய்யா மரத்தடியில் நின்றிருந்தவளின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.