சிவப்பு முகம் எந்தப் பக்கம்

தம்பி கட்டிய புது வீட்டு வாசலுக்குள் நுழைந்ததுமே அக்கா நின்றுவிட்டாள். நடைபாதையின் இரு பக்கமும் வரிசையாகக் கற்கள். ஒவ்வொன்றும் பாதி சிவப்பு, பாதி வெள்ளை.

"இதையெல்லாம் எங்கடா எடுத்த?"

"வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சும்மாதானே கிடந்துச்சு. பெயிண்ட் அடிச்சே குடுத்துட்டுப் போயிருக்கான் புண்ணியவான்!"

அந்தப் புண்ணியவான்களோடு சேர்ந்து கண்ணிவெடி எடுத்தவள்தான் அக்கா. மண்ணில் குப்புறப் படுத்து, கம்பியைச் சாய்த்துக் குத்திக் குத்தித் தேடும் வேலை. கல்லின் வெள்ளை முகம் பார்க்கும் பக்கம் நடக்கலாம். சிவப்பு முகம் பார்க்கும் பக்கம் வெடி. சண்டைக் காலத்தில் தெருக்காரர்களோடு வெளியூரில் பிழைத்துத் திரும்பிய தம்பிக்கு இது தெரியாது. வேறொரு நாட்டில் பெரிய சண்டை மூண்டதும், வெடி எடுக்க வந்தவர்கள் வேலையைப் பாதியில் விட்டு, கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு அங்கே போய்விட்டார்கள். மிச்ச நிலத்துக்குக் காவல் இந்தக் கற்கள்தான்.

"உன் பொண்டாட்டி எங்கடா?"

"விறகு பொறுக்க... வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்."

வீடு கட்டி மிஞ்சிய கம்பி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு அக்கா ஓடினாள். வாய்க்காலுக்கு அப்பால், இடுப்புயரப் புல்லில், தலையில் விறகுக்கட்டோடு தம்பியின் மனைவி வந்துகொண்டிருந்தாள்.

"அசையாதம்மா! நின்ன இடத்துலயே நில்லு!"

"என்ன அண்ணி, பாம்பா?"

"பாம்புன்னா பரவாயில்லையே. வெடி. விறகைக் கீழ போட்டுடாத."

"கழுத்து ஒடியுது அண்ணி..."

"ஒடிஞ்சா கட்டுப் போட்டுக்கலாம். நில்லு."

அக்கா குப்புறப் படுத்தாள். சாண் சாணாகக் குத்திப் பார்த்து ஊர்ந்தாள். கரையில் தம்பி, வெடி எடுத்தவர்களின் அலுவலகத்துக்குப் போன் போட்டிருந்தான்.

"அக்கா, எந்தச் சண்டைன்னு கேக்குறாங்க."

"சொல்லேன்டா."

"சொல்லிட்டேன். நாட்டோட பேரை எழுத்துக்கூட்டிச் சொல்லணுமாம்."

கம்பி 'ணங்' என்றது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு விலகி, சுற்றிக்கொண்டு போனாள். தம்பி மனைவியின் தலையிலிருந்து விறகுக்கட்டை மெல்ல இறக்கினாள். "நான் வந்த தடத்துலயே காலை வை."

இருவரும் கரையேறியதும் தம்பி தேம்பினான். "எல்லாக் கல்லையும் இப்பவே திருப்பி வெச்சிடுறேன்க்கா."

"எங்க வெப்ப?"

அவன் பார்த்தான். கண்ணுக்கெட்டியவரை ஒரே புல்.

"அதோட... நான் மட்டும் எடுக்கலக்கா. தெருவே வந்து எடுத்துச்சு."

அக்கா தெருவைத் திரும்பிப் பார்த்தாள். கிணற்றடியில், பூச்செடியைச் சுற்றி, ஆட்டுக்கொட்டகை ஓரத்தில், எல்லா வாசலிலும் பாதி சிவப்பு. பாதிக் கதவுகள் பூட்டிக் கிடந்தன; எல்லோரும் விறகுக்குப் போகும் நேரம். தம்பியின் கையில் போன் இன்னும் பொறுமையாக முதல் எழுத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது.