தேர் ஓடிய நாளின் அளவு

அன்று கருத்தரங்கக் கூடத்தில் இருந்தவர்கள் முப்பத்தொரு பேர். மேடையில், தண்ணீர் பாட்டிலுக்கும் மைக்குக்கும் நடுவே, மதுரையிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஜெபக்குமார். முன்வரிசையில், கைவைத்த நாற்காலியில், துறைத் தலைவர் நவநீதகிருஷ்ணன். பாண்டிசெல்விக்கு ஆய்வு வழிகாட்டியும் அவர்தான். அவருக்கு வலப்பக்கம், வழக்கமாகக் காலியாகவே கிடக்கும் நாற்காலியில், பாண்டிசெல்வியோடு ஆய்வு செய்யும் தோழி ஜெயசித்ரா. மூன்றாம் வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, பாண்டிசெல்வி. அவளுக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு கைப்பை. ஜெயசித்ராவுக்காக அவள் இடம் போட்டு வைத்தது அது.

'ஆய்வுக் கட்டுரையின் தரமும் தாக்கமும்' என்று பின்னால் பேனர் தொங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அந்தக் கல்லூரியில் வருடத்துக்கு ஒருமுறை இப்படி ஒரு பயிலரங்கு நடக்கும். ஜெபக்குமார் நன்றாகவே பேசினார். ஒரு வாக்கியத்துக்கு ஒரு சேதி போதும் என்றார். முடிவை முன்னால் சொல், படம் பேச வேண்டும், வாசகனை அலையவிடாதே என்றார். பாண்டிசெல்வி எல்லாவற்றையும் வரிசை எண் போட்டுக் குறித்துக்கொண்டாள். எதையும் எண் போட்டுத்தான் எழுதுவாள்.

"இப்ப ஒரு வேடிக்கை காட்டுதேன்" என்று ஜெபக்குமார் அடுத்த படத்தைப் போட்டார். 'முன்' என்ற தலைப்புக்குக் கீழே கோடு போட்ட தாளில் நீல மையால் எழுதிய கையெழுத்து. மேலே அனுப்புநர், பெறுநர், பொருள்.

"ஆராய்ச்சியை யாரோ தாசில்தாருக்கு மனுவாப் போட்டிருக்காவ!"

கூடம் சிரித்தது. பாண்டிசெல்வியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வாயில் இருக்கும்போதே, 'பொருள்' என்பதில் ள்-இன் வால் வரம்பைத் தாண்டி ஓடுவதைப் பார்த்தாள். அவளுடைய ள். அவளுடைய கடிதம்.

தேவதானம் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவளுக்கு வந்த பழக்கம் அது. எதையும் முதலில் ரஃப் நோட்டில் எழுதுவாள். பிறகு அடித்தல் திருத்தல் இல்லாமல் ஃபேர் செய்வாள். யாருக்காவது கடிதமாக எழுதினால்தான் அவளுக்கு விஷயம் கோவையாக வரும். இரண்டு வருடமாக ராஜபாளையம் பக்கத்துத் தறி ஷெட் ஒன்றில், பேண்டேஜ் துணி நெய்கிற பதினெட்டுப் பெண்களிடம் அவள் ஆய்வு நடந்தது. காற்றில் பஞ்சுத்தூசி எவ்வளவு, ஊதுகுழல் போன்ற ஒரு கருவியில் ஊதச் சொல்லி அவர்கள் மூச்சு எவ்வளவு என்று அளந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் கண்டதை ஒரு கடிதமாக ஜெயசித்ராவுக்கு எழுதினாள். மதுரையில் கான்வென்டில் படித்த ஜெயசித்ரா அதை இங்கிலீஷ் ஆக்குவாள். "நீ கதையச் சொல்லுட்டி, நான் கோட்டு சூட்டு மாட்டி விடுதேன்" என்பாள். ஒரே மேசை, ஒரே டிபன் பாக்ஸ், நான்கு வருடம். கட்டுரை எங்கே இருக்கிறது என்று கேட்டால், "ரிவ்யூல கெடக்கு, அவிய செத்த நேரம் எடுப்பாவ" என்றுதான் போன வாரம்வரை சொன்னாள்.

அடுத்த படம், 'பின்'. அச்சான கட்டுரை. தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்கள்: ஜெயசித்ரா, நவநீதகிருஷ்ணன். வெளிவந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், தகவல் சேகரிப்பில் உதவிய செல்வி பாண்டிசெல்விக்கு நன்றி.

"ஒரு சொல்லு வீண் இல்ல பாருங்க. படத்தையும் பாருங்க. எம்புட்டுச் சுத்தமான கோடு!" என்றார் ஜெபக்குமார்.

கோட்டைப் பார்த்தபோதுதான் அவள் பேனாவை வைத்துவிட்டு நாட்களை எண்ணினாள். ஆடி மாதம் தொடர்ந்து எடுத்த பதினான்கு நாள் தூசி அளவும் மட்டப்பலகை வைத்து இழுத்ததுபோல் ஒரே சீராகப் போயிற்று. ஒன்பதாம் நாளிலும் அப்படியே. ஒன்பதாம் நாள் ஆடிப்பூரம். ஆண்டாள் தேர் ஓடிய நாள். அந்த வட்டாரத்தில் ஒரு தறியும் ஓடவில்லை.

மத்தியானம் கேன்டீன் பின்வாசலில் ஜெயசித்ராவை மறித்தாள்.

"என் லெட்டர எதுக்கு அவருகிட்டக் குடுத்த?"

"பேரு தெரியலைல்லா? மேல மறைச்சுத்தானே குடுத்தேன்." ஜெயசித்ரா கை கழுவிக்கொண்டே பேசினாள். "அம்புட்டுப் பேரும் ரசிச்சாவ. நீயும் சிரிச்சயே, பார்த்தேன்."

"என் பேரு எங்க, சித்ரா?"

குழாயை மூடினாள். "எழுதினது யாரு, நீ சொல்லு. ஒரு வாக்கியம், ஒத்த வாக்கியம், அதுல உன்னோடது இருக்கா? பதினோரு தடவை திருத்தினேன். ரெண்டு எடத்துல தள்ளி, மூணாவது எடத்துல ஏத்துக்கிட்டாவ. நீ மூச்ச அளந்த. அளக்கதுக்கு எந்திரம் போதும்."

"ஒம்பதாம் நாள் எங்க?" என்று பாண்டிசெல்வி கேட்டாள்.

"எது?"

"தேரன்னைக்கு ஷெட்டுல தூசி இல்ல. மறுநாள் காலையில வேலைக்கு முன்னால ஊதச் சொன்னேன். பதினெட்டுல பதினாலு பேருக்கு மூச்சு கூடியிருந்துச்சு. அதுக்குன்னு ரெண்டு பக்கம் தனியா எழுதினேனே."

"ஓ, அந்தப் புள்ளியா." ஜெயசித்ராவுக்கு உண்மையிலேயே நிம்மதி வந்ததுபோல் இருந்தது. "தூசியில அசிங்கமா ஒரு பள்ளம், அடுத்தாப்புல மூச்சுல ஒரு மேடு. ரிவ்யூல கேள்வி கேப்பாவன்னு சார்தான் சராசரியப் போடச் சொன்னாரு. கட்டுரை கச்சிதமா ஆயிருச்சுல்ல?"

என்ன தேதி என்றுகூட அவள் பார்க்கவில்லை. பாண்டிசெல்விக்குப் பெயர் போனதைவிட அதுதான் பெரிதாகப் பட்டது. அந்தப் பள்ளத்துக்கும் மேட்டுக்கும்தானே இரண்டு வருடம்! தறி ஒரு நாள் நின்றால் அந்தப் பெண்களுக்கு மூச்சுத் திரும்புகிறது. சொல்ல இருந்ததே அந்த ஒரு சேதிதான்.

சாயங்காலம் நவநீதகிருஷ்ணன் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கோபப்படவில்லை. பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தார்.

"உங்க மனசு வருத்தம் புரியுதும்மா. இதழுக்கு ஒரு மெயில் போட்டா மூணாவது பேரா உங்களச் சேத்துருவாவ. எல்லாத் தரவையும் பார்த்தேன், சரியா இருக்குன்னு இந்தத் தாள்ல ஒரு கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். எட்டு மாசத்துல தீசிஸ் குடுக்கணும் நீங்க. ஒரு கட்டுரையாவது பேரோட வந்திருக்கணும்கிறது விதி. இனிப் புதுசா எழுதி எப்ப வரும்?"

"ஒம்பதாம் நாள் அளவு, சார்?"

"அதை விடுங்க. ஒரு புள்ளிம்மா."

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்லுதேன் சார்" என்று வெளியே வந்தாள்.

சனிக்கிழமை ஷெட்டுக்குப் போனாள். போக வேண்டிய வேலை ஒன்றுமில்லை. வெள்ளத்தாய் சாப்பாட்டு நேரத்தில் வாசலில் நின்று தலைத் துண்டை உதறிக்கொண்டிருந்தாள். இருபது வருடம் அந்த ஷெட்டில் நிற்பவள். கருவியைக் கையில் கொடுத்த முதல் நாள், பிள்ளையின் கண்ணில் விழுந்த தூசியை ஊதுவதுபோல் மெல்ல ஊதியவள் அவள்தான்.

"ஏட்டி, டாக்டராயிட்டயா?"

"இன்னும் இல்லக்கா."

"பொறவு எதுக்கு வெறுங்கைய வீசிட்டு வார? ஊதுகொழலு எங்க? இவளுக பூராவும் உன்னைய நெனச்சு பலூன் வாங்கி ஊதிக்கிட்டுத் திரியிறாளுக."

உள்ளே சிரிப்பு கேட்டது. வெள்ளத்தாய் இருமி முடிக்கும்வரை பாண்டிசெல்வி காத்திருந்தாள்.

"தேரன்னைக்கு நாங்க அம்புட்டுப் பேரும் வடம் பிடிக்கப் போயிட்டோம், நீ மட்டும் பூட்டின ஷெட்டத் தொறக்கச் சொல்லி உள்ள உக்காந்திருந்தயே. மொதலாளி அன்னைக்குச் சொன்னாரு, இந்தப் பிள்ளைக்கு மண்டைக்குச் சரியில்லன்னு. அது பொஸ்தகத்துல வந்துருச்சா? மறுநாள் நான் முன்னூத்தி நாப்பது ஊதினேன்லா?"

அந்த எண்ணை வெள்ளத்தாய் மனப்பாடமாக வைத்திருந்தாள். அவளுடைய வழக்கமான அளவு இருநூற்றுத் தொண்ணூறு.

"வரலக்கா" என்றாள் பாண்டிசெல்வி. "எடுத்துட்டாவ."

"ஏன், நான் சரியா ஊதலையா?"

"நீங்க சரியாத்தான் ஊதினீங்க."

வெள்ளத்தாய் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தறிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

ஞாயிறு காலை ராஜபாளையத்தில் தன் அறையில் உட்கார்ந்தாள். ஃபேர் பிரதிகள் எல்லாம் ஜெயசித்ராவிடம் போயிருந்தன. ஆனால் ரஃப் நோட்டு ஐந்தும் அலமாரியில் இருந்தன, தேதி வாரியாக. ஒவ்வொரு பெண்ணின் அளவுக்கு நேரேயும் அவளே போட்ட கையெழுத்து இருந்தது. வெள்ளத்தாயின் கையெழுத்து மூன்றாம் வரியில் முட்டி நான்காம் வரிக்கு இறங்கியிருந்தது. இருபத்திரண்டு பக்கம் நகல் எடுத்தாள்.

பெயர் தொடர்பான புகார்களைக் கையெழுத்திட்டு, மூல ஆதாரத்தின் நகலோடு தபாலில் அனுப்ப வேண்டும் என்று அந்த இதழ் விதி வைத்திருந்தது. கடிதத்தை இந்தமுறை அவளே இங்கிலீஷில் எழுதினாள். முதலில் ரஃப், பிறகு ஃபேர். அனுப்புநர், பெறுநர், பொருள். இரண்டு இடத்தில் வாக்கியம் உதைத்தது. சரிதானா என்று கேட்க ஆளில்லை. முடிவை முன்னால் சொல் என்று ஜெபக்குமார் சொன்னது நினைவுக்கு வர, முதல் வரியிலேயே எழுதினாள்: ஒன்பதாம் நாள் அளவு மாற்றப்பட்டிருக்கிறது. இரண்டாவது, அன்று தறிகள் ஓடவில்லை. மூன்றாவது, இந்த ஆய்வை நடத்தியவள் நான். நான்காவதை எழுதுமுன் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். அந்த வரியைச் சேர்த்தால் தீசிஸுக்குக் கட்டுரை இராது, எட்டு மாதம் போதாது, நவநீதகிருஷ்ணன் இனிப் பிஸ்கட் தட்டை நகர்த்த மாட்டார். திரும்பி வந்து எழுதினாள்: உண்மை அளவைப் போட முடியாதென்றால், என் பெயரைச் சேர்க்க வேண்டாம், கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள்.

நவநீதகிருஷ்ணன் கொடுத்த தாளையும் கையெழுத்துப் போடாமல் கூடவே வைத்தாள்.

திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, கல்லூரிக்குப் போகாமல் தலைமைத் தபால் நிலையத்துக்கு நடந்தாள். ஸ்பீட் போஸ்ட் வரிசையில் அவளுக்கு முன்னால் பால்கோவா பார்சலோடு இரண்டு பேர். போன் அடித்தது, திரையில் ஜெயசித்ரா. 'ஏட்டி, எங்க இருக்க? டிபன் தொறக்காம வச்சிருக்கேன்' என்று பிறகு ஒரு குறுஞ்செய்தியும் வந்தது. எப்போதும் வருகிற செய்திதான். எப்போதும்போல் அவளுக்குப் பசிக்கவும் செய்தது. போனைப் பைக்குள் போட்டாள்.

கவுன்டரில் இருந்தவர் உறையை வாங்கிப் பார்த்தார். "ஒட்டலையேம்மா. உள்ள இன்னும் ஏதும் வைக்கணுமா?"

"இல்ல சார். எல்லாம் வச்சாச்சு."

கோந்து டப்பாவை இழுத்து, மடிப்பு நெடுகத் தடவி, கட்டைவிரலால் ஓரத்திலிருந்து ஓரம்வரை அழுத்தினாள். அவர் எடை போட்டு, பட்டைக்குறி ஒட்டி, முத்திரை குத்தி, பின்னால் திறந்திருந்த சாக்குக்குள் எறிந்தார்.