எலிஹியோவின் கொழுப்பு போய்ச் சேர்ந்த இடம்

எலிஹியோ தின்கிற பன்றிக்கொழுப்பு அவர் உடம்பில் ஒட்டாது. தின்ற மூன்றாவது மணி நேரத்தில் அவருடைய மகள் ஒலாயாவின் கன்னத்துக்குப் போய்ச் சேரும். சான் ஹெர்வாசியோ ஊரில் இது இன்று எல்லாருக்கும் தெரியும். அவள் பிறந்த வருஷத்தில் இது பெற்றவருக்கே தெரியாது. கோயில் சதுக்கத்தில் செப்பு அண்டா நிறையக் கொழுப்பை உருக்கி, அதிலேயே கறியை வேகவைத்து, சோளரொட்டியில் வைத்துக் கொடுப்பது அவர் தொழில். தோலும் கொழுப்புமான துண்டுகளைத் தானே தின்பது அவர் பொழுதுபோக்கு. நூற்றுப்பத்து கிலோ இருந்த மனிதர், மகள் பிறந்த மூன்றே மாதத்தில் துடைப்பக்குச்சி ஆனார். பிரசவம் இவருக்கா, மனைவி எர்மினியாவுக்கா என்று ஊர் கேட்டது.

குழந்தைக்குப் பித்தநீர் குடலுக்கு இறங்கவில்லை. டாக்டர் ப்ரிஸ்கா எண்ணெய்ச் சட்டியை உதாரணம் காட்டி விளக்கினார்: வெறும் தண்ணீரில் எண்ணெய் மிதக்கும், சோப்பு போட்டால்தான் பொடிப்பொடியாக உடையும், வயிற்றுக்குள் அந்தச் சோப்புதான் பித்தநீர். உடைந்த கொழுப்பைக் குடல் சின்னச் சின்ன மூட்டைகளாகக் கட்டி, பால்போல நெஞ்சு வழியே ஏற்றி ரத்தத்தில் இறக்கும், அங்கிருந்து தசைக்கு எரிக்க, மிச்சம் தோலுக்கடியில் சேமிக்க. இவளுக்கு முதல் வேலையே நடக்கவில்லை. குடித்த பாலின் கொழுப்பு அப்படியே வெளியேறியது. ஆறு மாதம் தாங்கினால் பெரிது என்றார். ஏழாவது மாதத்தில் ஒலாயாவுக்குக் கழுத்தில் மூன்று மடிப்பு. கண் மட்டும் மஞ்சள்.

அந்த மஞ்சளும் போகட்டும் என்று எலிஹியோ ஆசைப்பட்டதுதான் வினை. எங்கள் ஊரில் எவனும் செய்வதையே செய்தார்: தனக்கு மிகப் பிடித்ததை விட்டுவிடுவதாக மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். மகள் முழுசாகக் குணமாகும்வரை பன்றியைத் தொடமாட்டேன் என்று தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று சத்தியம் செய்தார். இரண்டாம் வாரம் குழந்தையின் மடிப்புகள் காணாமல் போயின. மூன்றாம் வாரம் விலா எலும்பை எண்ணலாம். பயந்துபோனவர் வெண்ணெயையும் பாலாடைக்கட்டியையும்கூடக் கைவிட்டார். குழந்தை அழுவதையே விட்டது.

ஒரு வியாழக்கிழமை, உப்புப் பார்க்கிற கைப்பழக்கத்தில் ஒரு பெரிய தோல்துண்டை வாயில் போட்டு விழுங்கிவிட்டார். மூன்று மணி நேரம் கழித்து டாக்டர் குழந்தைக்கு ரத்தம் எடுத்தார். குழாயில் மேலே மோர்போல வெள்ளை. அன்று அவள் குடித்தது சர்க்கரைத் தண்ணீர் மட்டும். சந்தேகப்பட்டுத் தகப்பனுக்கும் எடுத்தார். செம்பருத்திச் சாறுபோல் தெளிவாக இருந்தது.

“இன்னைக்கு என்ன சாப்ட்டீங்க?”

“ஒரே ஒரு துண்டு, டாக்டரம்மா. மாதா மன்னிக்கணும்.”

“மாதா மன்னிப்பா. நான் மன்னிக்க மாட்டேன். போய் இன்னும் ஒரு கிலோ தின்னுங்க!”

தின்ன மறுத்தார். நேர்ந்ததை முறித்தால் மாதா பிள்ளையை எடுத்துக்கொள்வாள் என்றார். எர்மினியா கரண்டியோடு வந்தாள். “நீ திங்கலேன்னா நானே திணிப்பேன்யா. எலும்பாத்தான் நிக்கிற, தாடையாவது அசையட்டும்!”

பாதிரியார் வழி சொன்னார்: நேர்ச்சையை முறிக்கக்கூடாது, ஆனால் இன்னொருவர் தோளில் மாற்றலாம். பன்றியை விட யார் தயார் என்று ஞாயிறு பூசையில் கேட்டார். அறுநூறு பேர் இருந்தோம். கறியில்லாத ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்த்தோம். என் செருப்பை நான் அவ்வளவு கவனமாகப் பார்த்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. எழுந்து நின்றது செவேரோ. சதுக்கத்தின் எதிர்ப்பக்கத்து அண்டாக்காரர், எலிஹியோவோடு பதினோரு வருஷமாகப் பேசாதவர்.

“நான் எடுத்துக்கறேன் சாமி. ஆரஞ்சுத் தோலைப் போட்டுக் கறியைக் கெடுக்கறவன் இவன். அதுக்குப் புள்ளை என்ன பாவம் பண்ணுச்சு?”

“தோல் போட்டாத்தான்டா வாசனை, கழுதை!” என்று எலிஹியோ அழுதுகொண்டே கத்தினார். அன்று அவர் அண்டா பற்றவைக்கப்படவில்லை. செவேரோவின் அண்டாவிலிருந்தே நின்றபடி ஒன்றரைக் கிலோ தின்றார். நாலு மணிக்கு ஒலாயா அழுதாள், மூன்று தெருவுக்குக் கேட்டது. நாங்கள் நிம்மதியாகச் சாப்பிடப் போனோம்.

கண் மஞ்சள் போகவேயில்லை. ஆகவே இருபத்திமூன்று வருஷமாகச் செவேரோ பன்றி தின்னவில்லை. தன் அண்டாவைத் தானே ருசி பார்க்க முடியாத அவருக்காக எலிஹியோ தினமும் காலையில் சதுக்கத்தைக் கடந்துபோய் உப்புப் பார்க்கிறார். இருவரும் திட்டிக்கொள்வது அப்போதுதான். ஒலாயா மொரேலியா நகரத்துக்குப் படிக்கப் போனபோது கொழுப்பு ஐந்து மணி பஸ்ஸில் போய்ச் சேர்ந்தது. பஸ் பழுதான நாட்களில் மறுநாள். அங்கேயே பாடம் சொல்லிக்கொடுக்கிறாள், கல்யாணமும் ஆயிற்று, இப்போது எட்டாம் மாதம். இரண்டு பேருக்கு அனுப்ப வேண்டியிருப்பதால் எலிஹியோ தினமும் நாலு தட்டு தின்கிறார். நாலாவது தட்டில் மூச்சு வாங்கும்போது, செவேரோ முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு ரொட்டியைச் சுருட்டிக் கொடுக்கிறார்.

“தின்னுடா. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”