கீழ்ப்பிடி

மாடிப்படியில் ஒரு ஃபிரிட்ஜ் இறங்கும்போது மேலே பிடிப்பவன் பாட்டுப் பாடிக்கொண்டே வரலாம். கீழே பிடிப்பவனால் முடியாது. பாரத்தில் முக்கால்வாசி அவன் நெஞ்சில்தான் இறங்கும். மேலே இருப்பவனுக்குக் கை வழுக்கினால் ஐயோ என்பான், கீழே இருப்பவன் ஐயோ சொல்லக்கூட மிஞ்ச மாட்டான். அந்த இடத்துக்கு எங்கள் தொழிலில் கீழ்ப்பிடி என்று பெயர். வீடு மாறுகிறவர்களின் சாமான்களைக் கட்டி இறக்கிக் கொண்டுபோய் வைக்கும் கம்பெனியில் எனக்கு ஏழு வருஷம். அதில் ஐந்து வருஷம் கீழ்ப்பிடி என்னுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. சாமான் படியருகே வந்ததும் நான் போய்க் கீழே நிற்பேன், அவ்வளவுதான். என்னைத் தூண் என்று கூப்பிடுவார்கள். பெருமையாக இருந்ததா என்றால், இருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது.

எங்கள் வண்டிக்கு நாலு பேர். மேஸ்திரி, நான், டபுள்டோர், திருப்புளி. டபுள்டோருக்கு அந்தப் பெயர் அவன் முதுகைப் பார்த்து வைத்தது. திருப்புளி ஸ்க்ரூடிரைவர் மாதிரியே ஒல்லி. கட்டில், மேஜை எதுவானாலும் பத்து நிமிஷத்தில் கழற்றிப் பலகையாக்கி, ஒரு மரை தொலையாமல் மறுபடி மாட்டிவிடுவான். பாரம் தூக்குவது அவன் வேலையே இல்லை.

மேஸ்திரிக்கு ஒரே ஒரு வேதம் உண்டு. பெட்டி மேல் எழுதியதை நம்பு, வீட்டுக்காரர் வாயை நம்பாதே. "வெறும் துணிதாங்க" என்பார்கள். தூக்கினால் உள்ளே அம்மிக்குழவி இருக்கும். அதனால் அவர் ஒவ்வொரு பெட்டியையும் தராசில் மாட்டி, தடி மார்க்கரால் எண் எழுதுவார். எண்ணைப் பார்த்துத்தான் ஆள். முப்பது வருஷமாக அந்த எண் அவரைக் கைவிட்டதில்லை. எங்கள் கதை கெட்டதும் அதனால்தான்.

வேலியில் போன ஓணானை எடுத்து உள்ளே விட்டவன் டபுள்டோர். அவன் செல்போனில் எந்நேரமும் ஒரு ஆள் சட்டையில்லாமல் நின்று கத்திக்கொண்டிருப்பான். இந்தக் காலத்து ஆம்பளைங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் பாதியாகிவிட்டது, தாத்தாக்களுக்கு இருந்ததில் கால்வாசிகூட நமக்கு இல்லை என்று தினமும் ஒரு பீதி. மூன்று பேராகப் போனால் சலுகை என்று ஒரு ரத்தப் பரிசோதனைக் கடையின் விளம்பரம் வந்ததும், எங்களை இழுத்துக்கொண்டு போய்விட்டான். காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில், மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து கையை நீட்டினோம். ஊசியைப் பார்த்ததும் டபுள்டோர் கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் வண்டியில் போகும்போதே செல்போனுக்கு ரிப்போர்ட் வந்தது. டபுள்டோருக்கு நானூற்று ஐம்பத்தைந்து. எனக்கு முந்நூற்றுப் பதினெட்டு. திருப்புளிக்கு எண்ணூற்றுப் பன்னிரண்டு.

திருப்புளி தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். அதற்குள் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுகிறவன் மாதிரி இருந்தது.

"இது பலத்தோட நம்பர் இல்லடா, வேற என்னமோ" என்றேன் நான்.

"முந்நூத்திப் பதினெட்டு வாங்கினவன் வேற எப்படிப் பேசுவான்" என்றான் டபுள்டோர்.

மேஸ்திரி மூன்று ரிப்போர்ட்டையும் வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். அவருக்கு அது தராசுச் சீட்டு மாதிரியே தெரிந்திருக்க வேண்டும். மார்க்கரை எடுத்தார். வண்டிக் கதவின் உள்பக்கம் மூன்று பேர் பெயரையும், பக்கத்தில் எண்ணையும் எழுதினார்.

"இனி கீழ்ப்பிடி திருப்புளி" என்றார்.

"அண்ணே, நான் ஸ்க்ரூ கழட்டுறவண்ணே" என்றான் திருப்புளி.

"எண்ணூத்திப் பன்னெண்டை வச்சுக்கிட்டு ஸ்க்ரூ கழட்டிட்டிருந்தியாடா இத்தனை வருஷமா" என்று மேஸ்திரி அவனைத்தான் திட்டினார்.

அன்று குருவி தலையில் பனங்காயை வைத்த மாதிரி, திருப்புளி ஒரு சோபாவின் கீழே நின்றான். நான் மேலே நின்றேன். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக என் நெஞ்சில் ஒன்றும் இல்லை. பாரமில்லாமல் படி இறங்கினால் இவ்வளவு அவமானமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி சட்டையின் முதுகிலிருந்து எதையோ உரித்தாள். "உடையும் பொருள், கவனம்" என்ற சிவப்பு ஸ்டிக்கர். டபுள்டோர் வேலை.

"யாரு ஒட்டினது?"

"பெட்டியில இருந்து ஒட்டிக்கிட்டிருக்கும்" என்றேன்.

அவள் பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிறவள். பிரசவ விடுப்பில் இருந்தாள். பொய் சொல்கிறவர்களைத் தினமும் பார்த்துப் பழகியவள். ஸ்டிக்கரை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுக் குழந்தையை என்னிடம் நீட்டினாள்.

எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து மாதம். அவள் தூங்குவதற்கு உலகத்தில் ஒரே இடம்தான் உண்டு, அது என் நெஞ்சு. தொட்டிலில் போட்டால் வீடு இரண்டாகும். நான் அவளை நெஞ்சில் சாய்த்து, முழங்காலைத் தளர்த்தி, குதிகாலை முதலில் வைத்து, ஒரு நொடி நின்று, அடுத்த அடி வைப்பேன். பீரோவோடு படி இறங்கும் அதே நடை. ஹாலுக்கும் சமையலறைக்கும் நாலு நடை போனால் தலை சாய்ந்துவிடும். பிறகு ஒன்றரை மணி நேரம் நான் அசையக் கூடாது. அந்த ஒன்றரை மணி நேரம்தான் என் மனைவி குளிப்பது, சாப்பிடுவது, கண்ணை மூடுவது எல்லாம்.

நான் எண்ணை ஏற்றக் கிளம்பினேன். மாத்திரை கூடாது, இயற்கையாக ஏற்ற வேண்டும் என்று டபுள்டோரின் சட்டையில்லாத ஆள் சொன்னான். பச்சைப் பூண்டு தின்றேன். காலையில் ஐஸ் தண்ணீரில் குளித்தேன், பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டுக் கதவைத் தட்டினார். மொட்டை மாடியில் சட்டையைக் கழற்றி வெயிலில் நின்றேன். பிளாஸ்டிக் பாட்டில் ஆகாது என்று எவர்சில்வர் தூக்கு வாளியில் தண்ணீர் கொண்டுபோனேன். முட்டை எத்தனை உள்ளே போனது என்று கேட்காதீர்கள். என்னோடு வண்டியின் முன்சீட்டில் உட்கார ஒருவரும் சம்மதிக்கவில்லை.

பத்து நாள் கழித்து டபுள்டோர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"டேய், உன் குழந்தைய யாரு தூங்க வைக்கிறது?"

"நான்தான். நெஞ்சுல போட்டு."

"அங்கதாண்டா ஒழுகுது" என்றான்.

செல்போனை நீட்டினான். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிற அப்பாக்களுக்கு அது குறையும் என்று ஆராய்ச்சியே சொல்கிறதாம். இந்தத் தடவை பேசியவர் சட்டை போட்டிருந்தார், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் வேறு. அதில் ஒன்றும் பயமில்லை, உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது என்றுதான் அவர் மேற்கொண்டு சொன்னார். டபுள்டோர் அதற்குள் நிறுத்திவிட்டான்.

நான் செய்ததைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அன்று சாயங்காலம் மனைவி குழந்தையை நீட்டியபோது, முதுகு பிடித்திருக்கிறது என்றேன்.

"ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டு, தைலம் தேய்த்துவிட்டாள். ஒரு கையால் தேய்த்தாள், இன்னொரு கையில் குழந்தை.

ஐந்து வாரம் என் முதுகு பிடித்தே இருந்தது. குழந்தை முதல் வாரம் என்னைப் பார்த்து அழுதது. இரண்டாவது வாரம் கையை நீட்டியது. பிறகு நீட்டவில்லை. என் மனைவி நின்றுகொண்டே சாப்பிட்டாள். ஒரு நாள் தலைமுடிக்குப் போடும் எண்ணெயைத் தோசைக்கல்லில் ஊற்றிவிட்டு, அடுப்புக்கு முன்னால் நின்று சிரித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை. அப்போதும் நான் கையை நீட்டவில்லை. இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்றிருந்தேன்.

மறுபடி ரத்தம் கொடுத்தேன். முந்நூற்று அறுபத்தொன்று. நாற்பத்து மூன்று ஏறியிருந்தது. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அன்று மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஒரு பழைய வாஷிங் மெஷின், உள்ளே கான்கிரீட் கட்டி வைத்த ரகம். டபுள்டோர் மேலே, திருப்புளி கீழே. நான் அவர்களுக்குக் கீழே ஒரு சமையல் பாத்திரப் பெட்டியோடு இறங்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவது திருப்பத்தில் மேலே சத்தம் நின்றுவிட்டது.

"மேஸ்திரி அண்ணே" என்று திருப்புளியின் குரல் கேட்டது. மெதுவாக, மரியாதையாகக் கூப்பிட்டான். "எனக்குக் கால் ஆடுது."

திரும்பிப் பார்த்தேன். மெஷின் அவன் மேல் சாய்ந்திருந்தது. அவன் முழங்கால் இரண்டும் தந்தி அடித்துக்கொண்டிருந்தன. மேலே டபுள்டோரின் முகத்தில் ஈயாடவில்லை. நான் பெட்டியை வழி விட்டு ஓரமாக வைத்துவிட்டு ஏறி, திருப்புளியின் இடுப்புக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்து, மெஷினின் அடியில் கையை விட்டேன்.

"மூச்சு விடு. கையை எடு. சுவத்தோட ஒட்டிப் போ" என்றேன்.

அவன் ஒரு தாள் மாதிரி சுவரோரமாக நழுவிப் போனான். மொத்த பாரமும் என் நெஞ்சுக்கு வந்தது. முழங்காலைத் தளர்த்தினேன், குதிகாலை வைத்தேன், ஒரு நொடி நின்றேன், அடுத்த அடி. மிச்சம் இருபத்தெட்டுப் படியும் அப்படித்தான் இறங்கினேன். என் எண் என்ன என்று எனக்கு ஞாபகமே வரவில்லை.

கீழே மேஸ்திரி நின்றிருந்தார். படிக்கட்டின் இடைவெளி வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்தார். வண்டிக் கதவைத் திறந்து, தின்னரில் துணியை நனைத்து மூன்று எண்ணையும் துடைத்தார்.

"முப்பது வருஷத்துல முதல் தடவை, எழுதினது தப்பாப் போச்சு" என்றார்.

"அந்த எண்ணூத்திப் பன்னெண்டை யாராவது எடுத்துக்கோங்கடா. எனக்கு என் ஸ்பேனர் போதும்" என்றான் திருப்புளி. நடைபாதையில் மல்லாக்கப் படுத்திருந்தான்.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். கீழ்ப்பிடி திரும்பிவிட்டது, இனி முதுகுவலி எதற்கு. கையைக் கழுவிக்கொண்டு, "கொடு அவளை" என்றேன்.

என் மனைவி நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கொடுத்தாள். மகளை நெஞ்சில் சாய்த்தேன். அவள் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். யாரோ ஒரு ஆளைப் பார்க்கிற பார்வை. உதடு பிதுங்கியது. உடம்பை வில்லாக வளைத்து, அம்மாவின் பக்கம் இரண்டு கையையும் நீட்டி அலறினாள். நான் நடந்தேன். முழங்கால், குதிகால், ஒரு நொடி, எல்லாம் சரியாகத்தான் செய்தேன். அவள் என் சட்டைப்பையைப் பிடித்துத் தள்ளினாள். தாள் கீழே விழுந்தது.

மனைவி குழந்தையை வாங்கிக்கொண்டு, குனிந்து தாளை எடுத்துப் படித்தாள். "இது எதுக்கு எடுத்தீங்க?"

சொல்லிவிட்டேன். திருப்புளியிலிருந்து ஒழுகல் வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெல்லத்தான் கேட்டாள். "பக்கத்துல பாருங்க, இருநூத்தி எழுபதுல இருந்து நார்மல்னு போட்டிருக்கு. மொத தடவையும் நீங்க நார்மல்தான். எங்க கிளினிக்ல ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை பிரஷர் பார்த்தாலே ரெண்டு நம்பர் வரும். இந்த நாப்பத்தி மூணுக்காகவா நான் அஞ்சு வாரமா தூங்கல?"

உள்ளதும் போச்சடா நொள்ளைக் கண்ணா என்று நின்றேன். வாஷிங் மெஷினைத் தாங்கிய நெஞ்சில் ஆறு கிலோ தங்க மாட்டேன் என்கிறது. அழுகை வந்தது, அழுதேன். ஸ்டிக்கர் ஃபிரிட்ஜில் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு பூண்டை விட்டேன். அதிலேயே பாதி சமாதானம் ஆனது என்று நினைக்கிறேன். சாயங்காலம் தரையில் படுத்துக்கொள்வேன். அவளைத் தூக்க மாட்டேன், அவள் வரட்டும் என்று கிடப்பேன். முதல் நாள் என் கால் விரலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். நாலாம் நாள் விரலைப் பிடித்து இழுத்தாள். அவள் அம்மா மட்டும் மன்னிப்பதில் அவ்வளவு அவசரம் காட்டவில்லை. டபுள்டோர் மன்னிப்புக் கேட்க முட்டை அட்டை ஒன்றோடு வந்தபோது, வாசலிலேயே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மனைவி மகளைத் தூக்கி வந்து என் நெஞ்சில் கவிழ்த்துப் போட்டாள். மகள் தலையை இந்தப் பக்கம் வைத்தாள், அந்தப் பக்கம் வைத்தாள். மூக்கைச் சட்டையில் தேய்த்தாள். மூச்சு நீண்டது. கொஞ்ச நேரத்தில் என் கழுத்தோரம் எச்சில் ஈரம் பட்டது.

மனைவி பக்கத்திலேயே தரையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இறங்குதுன்னு நினைக்கிறேன்" என்றேன், மெதுவாக.

"எது?"

"நம்பர்."

"இறங்கட்டும்" என்றாள், கண்ணைத் திறக்காமல். "அசையாதீங்க."