யானைமலைக்கு ஒரு ராத்திரிச் சீட்டு

பங்குனி மாசம், பரீட்சைக்கு இன்னும் மூணு வாரம் இருக்கையில, தவசி மொத மொதலா வார்டன்கிட்டப் போயி ஒரு ராத்திரி வெளிய தங்கணும்னு கேட்டான்.

ரெண்டு வருசமா அவன் எங்கேயும் போனதில்ல. கூடப் படிக்கிற பயலுக சித்திரைத் திருவிழாவுக்கு வைகையாத்துக்குள்ள எறங்கி விடிய விடியச் சுத்திட்டு வருவானுக. ரெண்டாம் ஆட்டம் பேசும்படம் பாத்துட்டு வந்து, பாட்டோட சேத்துக் கதை சொல்லுவானுக. தவசி படுத்துக்கிட்டே கேட்டுக்கிடுவான். வாடான்னு கூப்பிட்டா, ஒரு நாளைக்கு வயித்துவலி, ஒரு நாளைக்குப் படிக்கக் கெடக்கு. பழங்காநத்தத்துக் கண்ணுச்சாமி அவனுக்குக் குத்துவெளக்குன்னு பேரே வச்சிட்டான். வீட்ட விட்டு வெளிய வராதாம்.

விசயம் வேற. தவசிக்கு ஊரு உசிலம்பட்டிக்கு மேக்க. வெள்ளைக்காரன் போட்ட சட்டப்படி, அவன் பொறந்த சாதியில, மீச அரும்புன ஆம்பள அம்புட்டுப் பேரும் போலீசு டேசன்ல பத்து வெரலயும் மையில உருட்டி ரேகை வச்சிரணும். திருடுனவன், திருடாதவன்னு பேச்சே கெடையாது. வெளியூர்ல ராத்தங்கணும்னா ராத்திரிச் சீட்டு வாங்கணும். எந்த ஊருக்குப் போறான், எத்தன மணிக்குப் பொறப்பட்டான்னு அதுல எழுதியிருக்கும். போற ஊர்ல கிராம முன்சீப்புகிட்டக் காட்டி வந்த நேரத்த எழுதி வாங்கணும், திரும்புறப்போ போற நேரத்த எழுதி வாங்கணும். படிக்கிற பயலுகளுக்கு வெலக்குக் குடுப்பாங்கன்னு சொல்லி, தவசியோட அய்யா விருமாண்டி மனுப் போட்டு ரெண்டு வருசமாச்சு. பதில் வரல. அது வாற வரைக்கும், ஆஸ்டல்ல அந்திக்கு வார்டன் எடுக்கிற ஆஜர்தான் அவனுக்குக் கணக்கு.

கண்ணுச்சாமிக்கும், கூடப் படிக்கிற முத்துக்கருப்பனுக்கும் இப்படி ஒரு சட்டம் இருக்கிறது தெரியும். மதுரையில யாருக்குத்தான் தெரியாது. காலேசு படிக்கிறவனுக்குமா அதுன்னு அவுக யோசிச்சதில்ல, இவனும் சொன்னதில்ல.

முத்துக்கருப்பனுக்கு ஊரு, மேலூர் ரோட்டுல ஒத்தக்கடைக்கு உள்ள ஒரு மைலு. யானைமலைக்கு அடியிலேயே வீடு. ஆஸ்டல் மொட்டமாடியில நின்னா அந்த மலை வடகெழக்க, முட்டிய மடக்கிப் படுத்த ஆனை கணக்காத் தெரியும். தவசி துணி காயப்போடப் போறப்பல்லாம் அதையே பாத்துக்கிட்டு நிப்பான். பரீட்சை முடிஞ்சா ஆளுக்கொரு தெசையாப் போயிருவோம், சனிக்கெழம வீட்டுக்கு வாங்கடா, ஞாயித்துக்கெழம காலையில மலை ஏறலாம்னு முத்துக்கருப்பன் கூப்பிட்டப்போ, தவசி வாயில வயித்துவலி வரல. வாரேன்னுட்டான்.

வார்டன் நல்ல மனுசன்தான். சீட்டு எழுதிக் குடுத்துட்டு, ஞாயித்துக்கெழம சாயந்தரம் ஆறு மணிக்குள்ள திரும்பிரணும், ரெண்டு கையெழுத்தும் இல்லாமக் கொண்டாந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, மேல அனுப்பித்தான் ஆகணும்னு சொன்னாரு. அது தவசிக்கும் தெரியும். வெத்துச் சீட்டு மேல போச்சுன்னா வெலக்கு மனு அன்னைக்கே குப்பைக்குப் போயிரும். அதோட விடாது. அங்க ஊர்ல அவன் அய்யாவக் கூப்பிட்டு டேசன்ல உக்கார வைப்பாக.

மூணு பேருக்கு ரெண்டு வாடக சைக்கிளு. தவசிக்கு ஓட்டத் தெரியாது, கண்ணுச்சாமி பின்னாடி உக்காந்தான். வைகைப் பாலத்துல ஏறுறப்போ கண்ணுச்சாமி மூச்சு வாங்கிக்கிட்டே, குத்துவெளக்கு இம்புட்டுக் கனம் கனக்கும்னு எவனும் சொல்லலையேன்னான். ஒத்தக்கடையில கோலி சோடா வாங்கிக் குடுத்தாங்க. தவசி கோலியக் கட்ட வெரலால அழுத்த, பாதி சோடா மூஞ்சியில அடிச்சிருச்சு. கடைக்காரரு வரைக்கும் சிரிச்சாரு. மூஞ்சியத் தொடைக்காம அவனும் சிரிச்சான். அப்படிச் சிரிச்சு அவனுக்கே எத்தன நாளாச்சோ.

வீட்டுல முத்துக்கருப்பனோட ஆத்தா ராமக்காள், எலும்பா இருக்கியே ராசா, ஆஸ்டல்ல கஞ்சி ஊத்துறாகளா இல்லையான்னு கேட்டு, நுங்கா வெட்டிப் போட்டா. அப்பறம் கெணத்துல குதிச்சாங்க. முத்துக்கருப்பன், தண்ணி எறைக்கிற கமலைக் கட்டையில ஏறி நின்னு குதிப்பான். தவசி மூணு தரம் அங்கிட்டிருந்தே குதிச்சான். நாலாவது தரம் ஏறி நின்னப்போ வெயிலு பனைமரத்து இடுப்புக்கு எறங்கியிருந்துச்சு. அப்படியே எறங்கி வந்து துண்ட எடுத்துத் தொடச்சான்.

ஊரு முன்சீப்பப் பாக்கணும்னான்.

எதுக்குடான்னு கேட்டாங்க. சட்டைப்பையில இருந்து சீட்ட எடுத்து நீட்டுனான். முத்துக்கருப்பன் ஈரக் கையோட வாங்கி வாசிச்சான். கண்ணுச்சாமி தோளுக்கு மேல எட்டிப் பாத்தான்.

"ஒனக்குமா மாப்ள?"ன்னான் கண்ணுச்சாமி.

"எனக்குந்தான்."

"காட்டாட்டி என்ன? இந்த ஊர்ல உன்னைய யாருக்குத் தெரியும்?"

காட்டாட்டி என்னன்னு தவசி சொன்னான். மனு, அய்யா, டேசன், எல்லாத்தையும் பாடம் ஒப்பிக்கிற மாதிரி அலுப்பாச் சொன்னான். காட்டுனா என்ன ஆகும்னு அவன் சொல்லல. அது அவுகளுக்கே தெரிஞ்சிருச்சு. இதுவரைக்கும் அவன் இந்த ஊர்ல முத்துக்கருப்பனோட சேக்காளி. காட்டுனதுக்கப்பறம் வேற ஆளு.

மூணு பேரும் ஈரத்தலையோட போனாங்க.

முன்சீப்பு வீட்டு வாசல்ல நாலஞ்சு பேரு எதுக்கோ காத்திருந்தாக. முன்சீப்பு கெட்டவரு இல்ல. ஆனா காயிதத்துக்குப் பயந்தவரு. கண்ணாடிய மாட்டிக்கிட்டு, ஒரு தரம் மனசுக்குள்ள வாசிச்சாரு. வெளங்கலையோ என்னமோ, ரெண்டாந்தரம் சத்தமா வாசிச்சாரு. பேரு, அய்யா பேரு, ஊரு, ரேகை நம்பரு, இன்ன சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். வாசல்ல இருந்தவுக ஒவ்வொருத்தராத் திரும்பிப் பாத்தாக. சுண்டல் கொண்டாந்த ராமக்காள் தெருவுலேயே நின்னுட்டா. பயலுக வெறும் வயித்தோட போயிட்டானுகளேன்னு பின்னாடியே எடுத்துக்கிட்டு வந்தவ.

"இந்த ஊருக்கு இப்படிச் சீட்டு வந்ததே இல்ல"ன்னாரு முன்சீப்பு. "நான் என்ன செய்யணும்னு இதுல ஒண்ணும் போடலையே."

வந்த நேரத்தப் போட்டுக் கையெழுத்து வச்சாப் போதுங்கய்யான்னான் தவசி. அவருக்கு அது பத்தல. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா எவன் பதில் சொல்றதுன்னு கேட்டாரு. தலையாரி கருப்பக் கூப்பிட்டு, ராத்திரி பூரா இந்தத் தம்பி பக்கத்துல இரு, மணிக்கொரு தரம் பேரச் சொல்லிக் கூப்பிடு, பதில் வரணும்னு உத்தரவு போட்டாரு. இன்னொண்ணும் சொன்னாரு. காலையில ஏழு மணிக்கு அவரு மேலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போறாரு.

"நான் ஊர்ல இல்லாதப்போ நீ ஊர்ல இருக்கக் கூடாதுப்பா. எனக்கும் நல்லதில்ல, ஒனக்கும் நல்லதில்ல. ஏழு மணிக்கே கையெழுத்துப் போட்டுர்றேன்."

மலையேறணும்யா, அதுக்குத்தான் வந்தோம்னு முத்துக்கருப்பன் சொல்லிப் பாத்தான். மலை எங்கிட்டும் போயிராது, இன்னொரு நாளைக்கு ஏறுங்கன்னாரு அவரு.

ராத்திரி சோறு போடுறப்போ ராமக்காள் எப்பவும் போலத்தான் போட்டா. கொழம்ப ரெண்டு கரண்டி கூடவே ஊத்துனா. சாப்புட்டுக் கையக் கழுவிட்டுத் திரும்புனப்போ, முத்தத்துல கெடந்த பித்தளக் குடம் ரெண்டையும் அவ உள்ள எடுத்துக்கிட்டுப் போறதத் தவசி பாத்தான். தெனமும் எடுத்து வைக்கிறதுதானோ என்னமோ. கேக்க முடியுமா? கேக்காம இருக்கவும் முடியல, அதையே நெனச்சுக்கிட்டுக் கெடந்தான்.

படுக்கை களத்துல. தலையாரி கருப்பு தலமாட்டுல கம்ப வச்சுக்கிட்டு உக்காந்தாரு. அம்பது வயசு ஆளு, பகல் பூரா எங்கேயோ அலைஞ்சிருக்காரு. மொத ரெண்டு தரம் சரியாக் கூப்பிட்டாரு. தவசி இருக்கேன்னான். அதுக்கப்பறம் கொறட்டை. தவசிக்குத்தான் தூக்கமில்ல. கூப்பிட்டதுக்குப் பதில் வரலன்னு காலையில சொல்லிட்டாருன்னா? நேரம் ஆயிருக்கும்னு தோணுறப்பல்லாம் அவனே எந்திரிச்சு அவரத் தொட்டு எழுப்பி, அண்ணே நான் இருக்கேன்னு சொல்லிட்டுப் படுத்தான். விடியுறதுக்குள்ள நாலஞ்சு தரம் ஆயிப்போச்சு. முத்துக்கருப்பன் போர்வைக்குள்ள அசையாமக் கெடந்தான். தூங்கல.

காலையில முன்சீப்பு ஜரிகை வேட்டியோட நின்னுக்கிட்டே எழுதுனாரு: காலை ஏழு மணிக்கு மேற்படியான் ஊர் நீங்கினான்.

கண்ணுச்சாமி வாங்கிப் பாத்துட்டு, செத்தவனுக்கு எழுதுற மாதிரியில்ல இருக்குன்னான். யாரும் சிரிக்கல. அவனும் நிறுத்திக்கிட்டான்.

தலையாரி எல்லைக்கல்லு வரைக்கும் கூட நடந்து வந்தாரு. சைக்கிள உருட்டிக்கிட்டே போனாங்க. ராமக்காள் கட்டிக்குடுத்த இட்டிலிப் பொட்டலம் கண்ணுச்சாமி கையில. கல்லுகிட்ட நின்னு தலையாரி பொகையிலையத் துப்பிட்டு, தவசிய மட்டும் பாத்துச் சொன்னாரு.

"கோவிச்சுக்காத தம்பி. நான் உன்னையக் கூப்பிட்டது ரெண்டு தரம். நீதான் என்னையத் தூங்கவே விடல."

"நீங்க என்னண்ணே செய்வீங்க."

"இந்தக் கல்லுக்கு அங்கிட்டு எங்க ஊரு கணக்கு இல்ல. மலைக்கு அந்தப் பக்கமும் ஏறுறதுக்குத் தடம் இருக்கு"ன்னுட்டு அவரு திரும்பிப் போயிட்டாரு.

மூணு பேரும் மலையச் சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போனாங்க. வழியில கண்ணுச்சாமிக்கு மறுபடியும் வாய் வந்துருச்சு. ஏழு மணிக்கு ஊர் நீங்கியாச்சு, ஆறு மணிக்குத்தான் ஆஸ்டல். நடுவுல பதினோரு மணி நேரம் எந்தக் காயிதத்துலயும் இல்லடா மாப்ள, இன்னைக்கு நீ வெள்ளைக்காரத் தொரை மாதிரின்னான். தவசி அதக் கேட்டுக்கிட்டே நடந்தான். பொறந்ததுல இருந்து அப்படி ஒரு நாளு தனக்கு இருந்துச்சான்னு யோசிச்சான். ஊர்ல ராத்திரி போலீசு வந்து வாசல்ல நின்னு அய்யா பேரச் சொல்லிக் கூப்பிடுவாக. அய்யா எந்திரிச்சு இருக்கேன்னு சொல்லுவாரு. அந்தச் சத்தத்துல அவனும் முழிப்பான், தெனமும்.

தடம் பாறை மேல வெள்ளக்கோடு மாதிரி தெரிஞ்சுச்சு. கொஞ்சத் தூரம் ஏறுனாங்க. பாறை இன்னும் சுடல, குளுந்து கெடந்துச்சு. மேல போனா மீனாச்சி கோயில் கோபுரம் நாலும் தெரியும், கண்ணு நல்லா இருந்தா நம்ம ஆஸ்டல் கூடத் தெரியும்னு முத்துக்கருப்பன் கைய நீட்டிக் காட்டுனான். நேத்துல இருந்து அவன் தவசி மூஞ்சிய நேராப் பாத்துப் பேசுனது அப்பத்தான். ஒரு ஆலமரம் பாறை இடுக்குல வேரு விட்டு நெழலு குடுத்துக்கிட்டு நின்னுச்சு. அங்க உக்காந்து இட்டிலியத் தின்னாங்க. தின்னு முடிச்சதும் ரெண்டு பேரும் எந்திரிச்சாங்க. தவசி எந்திரிக்கல.

காலு ரெண்டும் வேற யாரு காலோ மாதிரி கெடந்துச்சு. ரெண்டு வருசமா மொட்டமாடியில நின்னு பாத்த மலை. அதுக்கு மேல ஏறணும்னு இப்பத் தோணல.

"நீங்க போயிட்டு வாங்கடா. நான் செத்த நேரம் படுத்துக்கிறேன்."

துண்ட மடிச்சுத் தலைக்கு வச்சான். அவனுக பதில் சொன்னானுகளா இல்லையான்னு அவனுக்குத் தெரியாது.

முழிச்சப்போ வெயிலு மஞ்சளாயிருந்துச்சு. நெழலு நகந்து அந்தப் பக்கம் போயிருக்கணும், ஆனா மூஞ்சியில வெயிலு இல்ல. தலைக்கு மேல ரெண்டு கெளையில ஒரு வேட்டிய விரிச்சுக் கட்டியிருந்துச்சு. கண்ணுச்சாமி டவுசரோட ஒரு கல்லு மேல உக்காந்திருந்தான். முத்துக்கருப்பன் பக்கத்துல குச்சியால மண்ணக் கீறிக்கிட்டிருந்தான்.

தவசி பதறி எந்திரிச்சு, மணி என்னடான்னான். நாலு தாண்டியிருக்கும்னான் முத்துக்கருப்பன்.

"மேல போயிட்டு வந்துட்டீங்களா?"

"போகல."

"ஏண்டா? என்னைய எழுப்ப வேண்டியதுதான?"

கண்ணுச்சாமி வேட்டிய அவுத்து ஒதறிக் கட்டுனான். அர மணி நேரம் வாய மூடிக்கிட்டு இருக்க மாட்டாதவன், ஒரு பகல் பூரா அங்க சும்மா உக்காந்திருந்திருக்கான்.

"பேரச் சொல்லி எழுப்ப வாய் வரல மாப்ள"ன்னான்.

அதுக்கப்பறம் பேச நேரமில்ல. மலைய விட்டு எறங்கி சைக்கிள எடுத்து, காத்துக்கு எதுக்க மிதிச்சாங்க. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி தவசிய ஏத்திக்கிட்டாங்க. தவசி ஒரு தரங்கூடத் திரும்பி மலையப் பாக்கல. ஆறு மணிக்கு அஞ்சு நிமிசம் இருக்கையில ஆஸ்டல் வாசல்ல எறங்குனான்.

வார்டன் சீட்ட வாங்கி வெளிச்சத்துல பிடிச்சாரு. வந்த நேரம் இருந்துச்சு, போன நேரம் இருந்துச்சு, கையெழுத்து ரெண்டும் இருந்துச்சு. காலையில ஏழு மணிக்கே கெளம்பியாச்சே, இம்புட்டு நேரம் எங்க இருந்தேன்னு கேட்டாரு.

"தூங்கிட்டேன் சார்."

எழுதுறதுக்குப் பேனாவத் தொறந்தவரு சீட்ட முன்னையும் பின்னையும் திருப்பிப் பாத்தாரு. அத எழுதுறதுக்கு அதுல எடம் இல்ல. பேனாவ மூடிட்டு, சீட்ட மடிச்சு மேசைக்குள்ள வச்சாரு.