பயற்று மூட்டையில் வைத்த கை

"தாய்தான் நேரில் வந்து கையெழுத்து வைக்கவேணும்" என்று கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் தம்பிராசா மூன்று தரம் திருப்பி அனுப்பிவிட்டார். அரசாங்கம் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் சத்துணவுச் சாமான் வாங்கக் கொடுக்கிற போசாக்கு வவுச்சர் அது. புத்தூர்த் தோட்டத்தில் வெங்காயம் கிண்டுகிற வேலையை இடையில் விட்டுவிட்டுப் போன சுபாஸ்கரன், மூன்று தரமும் வெறுங்கையோடு வந்தான். நாளையோடு வவுச்சர் காலாவதி.

அவன் மனைவி தயாளினி வவுச்சரை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். பிள்ளை பிறந்து பத்தொன்பது நாள். பயறும் முட்டையும் சாப்பிடாவிட்டால் பால் காணாது என்று மருத்துவமாது சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சொல்வது சுலபம்தானே.

"முப்பத்தொண்டு கழியாமல் படலை தாண்டப்படாது" என்றாள் மாமி. பிள்ளை பெற்ற துடக்கு, அதாவது தீட்டு, கழிய முப்பத்தொரு நாள்.

"அப்ப உங்கடை பேரனுக்கு நீங்களே பால் குடுங்கோ மாமி."

பிள்ளையைத் துவாயில் சுற்றிக்கொண்டு புருசனின் மோட்டார் சைக்கிளில் ஏறினாள். தையல் போட்ட இடம் இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கோயிலில் திருவிழாக் கொடி நேற்றுத்தான் ஏறியிருந்தது. கடைக்குள் நெற்றி நிறைய விபூதியோடு இருந்த தம்பிராசா, அவளைக் கண்டதும் கதிரையைப் பின்னுக்கு இழுத்தார்.

"பிள்ளை, துடக்கோடை உள்ளுக்கு ஏறாதை! விரதக்காரர் சாமான் வாங்கிற இடம்."

"நீங்கள்தானே நேரிலை வரச் சொன்னனீங்கள்?"

"அது சட்டம். இது வேறை."

"இவருக்கும் அதே துடக்குத்தான். இவரின்ரை கையாலைதானே வவுச்சரை வாங்கிப் பார்த்தனீங்கள்?"

"அப்ப கொடி ஏறேல்லை. முப்பத்தொண்டு கழிச்சு வா, பாப்பம்."

"நாளைக்கு முடியுது அண்ணை."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

என்ன நியாயம் இது! வராவிட்டால் சட்டம் விடாதாம், வந்தால் சாமி விடாதாம். பால் காணாமல் கத்துகிற பச்சைப் பிள்ளையைத் தூரத்தில் நிறுத்து என்று எந்தச் சாமி இவர் காதில் வந்து சொன்னது?

தயாளினி பிள்ளையைச் சுபாஸ்கரனிடம் கொடுத்தாள். விறுவிறென்று உள்ளே போய், திறந்திருந்த பயற்று மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டாள். பிறகு பருப்பு. பிறகு அரிசி, சீனி.

"ஐயோ, என்ன வேலை பாக்கிறாய்!"

"எல்லாம் துடக்காப் போச்சு அண்ணை. இனி விரதக்காரருக்கு என்னத்தை விக்கப்போறியள்?"

வாசலில் பையோடு வந்து நின்ற இரண்டு பெண்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். தம்பிராசா அவர்களைப் பார்த்தார். நிறைந்து கிடந்த மூட்டைகளையும் பார்த்தார்.

"துடக்கோ? ஆர் சொன்னது?" வாசலுக்குக் கேட்கட்டும் என்று உரத்துச் சொன்னார். "முப்பத்தொண்டெல்லாம் கழிஞ்சுதுதானே பிள்ளை?"

"பத்தொன்பது" என்றாள் தயாளினி, அவரைவிட உரத்து.

பெண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி பையை மடித்துக்கொண்டு திரும்பிவிட்டாள். மற்றவள் பிள்ளையின் அழுகையைச் சற்றுக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து, "எனக்கும் இதிலை ஒரு கிலோ பயறு" என்று அந்த மூட்டையையே காட்டினாள்.

"முதல்லை எனக்கு நிறுங்கோ அண்ணை" என்றாள் தயாளினி. "நேரிலைதானே வந்து நிக்கிறன்."